நினைவில் வரைந்த வீடு

நுழையும்முன்

சுவர் இடிந்து, நிலப் பத்திரம் எரிந்து, முற்றத்தில் முட்செடி வளர்ந்த பின் ஒருவர் 'இது என் வீடு' என்று எதைக்கொண்டு மெய்ப்பிப்பார்? தூரிகையும் வண்ணமும் மட்டும் போதா என்று கண்டு, மக்கள் காத்துவைத்த பொருள்களையும் அவர்கள் கைப்பட வரைந்த படங்களையும் துணைக்கு அழைத்த ஈழத்து ஓவியர் ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை.

எஞ்சியவை

'பொருள்' என்னும் சொல்லைத் தமிழர் இரு நிலைகளில் ஆள்கின்றனர். கையால் எடுத்துக் காட்டக்கூடிய பண்டமும் பொருள். சொல்லுக்குள் உறையும் கருத்தும் பொருள். இரண்டிற்கும் ஒரே சொல்லை வைத்த முன்னோர், பண்டத்துக்குள்ளும் ஒரு கருத்து உறையும் என்று எண்ணினரோ என்னவோ!

திருப்பூரின் பனியன் நிறுவனம் ஒன்றில் துணி வெட்டும் மேசையருகே சிறிது நேரம் நின்றால் இவ்வெண்ணம் வலுப்பெறும். அடுக்கிய துணியை வெட்டும்போது கழுத்து வளைவிலிருந்தும் கை வளைவிலிருந்தும் சிறுசிறு துண்டுகள் உதிர்கின்றன. அவற்றை எவரும் குப்பையில் எறிவதில்லை. வெள்ளை வேறு, வண்ணம் வேறு எனப் பிரித்து, மூட்டையாகக் கட்டி, எடைபோட்டு விற்கின்றனர். அவற்றுள் சில இயந்திரம் துடைக்கும் துணியாகின்றன. சில மீண்டும் பஞ்சாக்கப்பட்டு ஓ.இ. நூற்பாலைகளில் நூலாகின்றன. 'வேஸ்ட்' என்பது அதற்குச் சந்தையில் வழங்கும் பெயர். ஆனால், பின்னலாடைத் தொழிலில் வீணாகிப் போவதாக அதை எவரும் கருதுவதில்லை.

வணிகம் செய்யும் இவ்வேலையை ஓவியர்களும் செய்யத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1912ஆம் ஆண்டளவில் பிக்காசோவும் பிராக்கும் செய்தித்தாள் துண்டுகளையும் சுவரொட்டும் தாள்களையும் தம் படங்களில் ஒட்டினர். ஒட்டோவியம் என்னும் வகை அதன்பின் நிலைபெற்றது. முதல் உலகப்போருக்குப் பின் செர்மனியின் ஹனோவர் நகரில் கர்ட் ஷ்விட்டர்ஸ் என்பவர் பயணச்சீட்டு, கந்தல் துணி, மரத்துண்டு முதலியவற்றைத் தெருவில் பொறுக்கிப் படமாக்கினார். தம் கலைக்கு அவர் இட்ட பெயரும் பொறுக்கியதே. வணிகத்தைக் குறிக்கும் 'கொமெர்ஸ்' என்னும் செர்மானியச் சொல் அச்சிட்ட தாளைக் கத்தரித்தபோது எஞ்சிய 'மெர்ஸ்' என்னும் துண்டு அது. அவர் தம் வீட்டறைக்குள்ளேயே இத்தகைய பொருள்களால் குகைபோன்ற ஓர் அமைப்பை ஆண்டுக்கணக்கில் வளர்த்துவந்தார். நாசிகளின் ஆட்சியில் 1937இல் அவர் நார்வேக்குத் தப்பியோட நேர்ந்தது. 1943இல் குண்டுவீச்சில் அவ்வீடு அழிந்தது. அவர் நார்வேயிலும், பின்னர் இங்கிலாந்திலும் அதே வேலையை முதலிலிருந்து தொடங்கினார்.

பொறுக்கிய பொருள் மேலைநாட்டுக் கலையில் பெரும்பாலும் மரபை மீறும் துணிவின் அடையாளமாகப் பேசப்படுகிறது. ஷ்விட்டர்ஸின் வரலாறு அதற்குள் வேறொன்றையும் காட்டுகிறது. வீட்டை இழந்தவர்க்குப் பொறுக்குதல் ஒரு புதுமையன்று; தேவை. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் கலையைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு உதவும்.

பொருள்கள் உருமாறிய காலம்

தாமோதரம்பிள்ளை சனாதனன் 1969இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஓவிய ஆசிரியர் அ. மாற்குவிடம் தொடக்கப் பயிற்சி பெற்றார். தில்லியில் நுண்கலை பயின்று, ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்துவருபவர். இலங்கையின் உள்நாட்டுப் போர் 1983இல் மூண்டபோது அவருக்கு வயது பதினான்கு. 2009இல் அது முடிந்தபோது நாற்பது.

அவ்விடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில் பொருள்கள் எல்லாம் தத்தம் வேலையை மாற்றிக்கொண்டன. 1990களில் மின்சாரம் இல்லை. எரிபொருளும் மின்கலமும் சவர்க்காரமும் தீவகற்பத்துக்குள் வரத் தடை இருந்தது. ஜாம் அடைத்து வந்த போத்தல், சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் பெற்றுப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்பு விளக்காயிற்று. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்ற, அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி பேசிற்று. வீட்டுக்குக் கூரை தாங்க வேண்டிய பனங்குற்றி பதுங்குகுழிக்கு மூடியாயிற்று. போரின் இறுதி மாதங்களில் வன்னி நிலத்தில் சாக்குப் பைகள் கிடைக்காதபோது பெண்கள் தம் சேலைகளை வெட்டி மண்மூட்டை தைத்தனர். பட்டுச் சேலையும் அவற்றில் அடங்கும். திருமணத்துக்கென எடுத்து, பெட்டியில் மடித்துவைத்து, ஊர் ஊராகச் சுமந்துவந்த சேலை அது.

துணியைத் தைத்து வாழும் ஊரில் இருப்போர்க்கு அக்காட்சியின் கனம் விளக்காமலே விளங்கும். சேலை விற்பனைக்குரிய சரக்கு என்னும் நிலை மாறி உடுப்பாகிறது. உடுப்பு என்னும் நிலை மாறி ஒரு நாளின் நினைவாகிறது. பின்னர் உயிரைக் காக்கும் மண்ணைச் சுமக்கிறது. இத்தனையும் ஏறிய துணியைக் கலைஞர் ஒருவர் புதிதாக அழகுபடுத்த வேண்டியதில்லை. அதை உற்றுப் பார்க்கும்படி ஓரிடத்தில் வைத்தாலே போதும்.

நூலகத்தில் வைத்த வரலாறுகள்

அவ்வாறு வைக்கும் இடத்தைச் சனாதனன் கவனத்துடன் தேர்ந்தார். 2004இல் 'அகம் புறம்' என்னும் பெயரில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஒரு கலைக் காட்சி நடைபெற்றது. அங்கே அவர் அமைத்த நிறுவல் கலைப்படைப்பின் பெயர் 'வரலாறுகளின் வரலாறு'. யாழ்ப்பாணத்து இல்லங்களிலிருந்து மக்கள் தந்த நூற்றுக்கணக்கான பொருள்களை அதில் அவர் வரிசைப்படுத்தினார். போர் ஒவ்வொரு வீட்டிலும் எதை விட்டுச் சென்றதோ, ஒவ்வொரு குடும்பமும் எதைக் கைவிட மறுத்ததோ அதுவே காட்சிப்பொருள்.

நூலகம் என்பது இங்கே வெறும் மண்டபம் அன்று. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் இல்லத்தில் புத்தகங்களைச் சேர்த்து இரவல் கொடுக்கத் தொடங்கியதே அதன் வித்து. பின்னர் ஊரார் கூடி அதை வளர்த்தனர். சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் கட்டடத்தை வடிவமைத்தார். நூலகவியல் அறிஞர் சீர்காழி இரா. அரங்கநாதன் அறிவுரை வழங்கினார். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தன. அக்கட்டடம் சீரமைக்கப்பட்ட நிலையில், நூல்கள் எரிந்த அதே இடத்துக்கு மக்கள் தம் வீட்டுப் பொருள்களை எடுத்துவந்து கொடுத்தனர். ஒரு வீட்டில் பிறந்த நூலகத்துக்குப் பல வீடுகள் திருப்பித் தந்தவை அவை.

'வரலாறுகள்' என்னும் பன்மையையும் கருத வேண்டும். போர் பற்றி அரசுக்கு ஒரு வரலாறு உண்டு. படைகளுக்கு ஒன்று உண்டு. அடுக்களையில் இருந்தவர்க்கும் ஒன்று உண்டு என்பதை எழுதிவைப்பார் அரிது. அகத்திணையையும் புறத்திணையையும் தனித்தனியே பிரித்த தமிழ் மரபிலும் போர் புறத்துக்கே உரியது. பறம்பை இழந்த பாரி மகளிரின் பாடல் புறநானூற்றில் இடம்பெற்றிருப்பினும், அதை நெஞ்சில் நிறுத்துவது தந்தையும் குன்றும் இல்லாத ஒரு நிலவொளி இரவின் வெறுமைதான். அப்பாடலைக் கற்ற மாணவர்க்குச் சனாதனன் கண்ட வழி அயலானதாகத் தோன்றாது.

தோம்பு

அவர் படைப்புகளுள் ஆழமானது 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்னும் பொருள்தரும் நூல். 'தோம்பு' என்னும் சொல் இன்றைய தமிழ்நாட்டு மாணவர்க்குப் புதிது. யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியர் 1619இலும், ஒல்லாந்தர் 1658இலும் கைப்பற்றினர். எவரிடம் எவ்வளவு நிலம் உள்ளது, அதன் எல்லை யாது, அதற்குரிய வரி எவ்வளவு என்று அவர்கள் எழுதிவைத்த பதிவேடே தோம்பு. ஆள்வோர் தம் வருவாய்க்காக எழுதிய ஏடு அது. நாளடைவில் குடிகளும் தம் உரிமைக்கு அதையே சான்று காட்டினர்.

நிலம் யாழ்ப்பாணத்தில் பெரும்பொருள். வீட்டைச் சூழ்ந்த மண்ணை அங்கே 'வளவு' என்பர். வளவைச் சுற்றி வேலி. வேலியில் நட்ட கதியால்கள் வேர்விட்டு மரமாகும். பனையோலையோ கிடுகோ அதை அடைக்கும். தெருவோரத்தில் படலை, பழைய வீடுகளில் வழிப்போக்கர் நிழலுக்கு ஒதுங்கும் சிறுகூரை வேய்ந்த சங்கடப்படலை. நடுவே வானம் தெரியும் நாற்சார் வீடு, கொல்லையில் கிணறு, அதற்கொரு துலா. கதியால் ஓர் அடி நகர்ந்தால் வழக்குமன்றம் ஏறத் தயங்காதவர்கள் என்று தம்மையே நகையாடிக்கொள்ளும் வழக்கம் அம்மக்களிடம் உண்டு. அவ்வளவு உறுதியாக எல்லை காத்தவர்களே எல்லாவற்றையும் விட்டு நடக்க நேர்ந்தது. 1990இல் வடமாகாணத்து முசுலிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு முதல் வலிகாமம் வடக்கின் பல ஊர்கள் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டன. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரமும் சுற்றுப்புறமும் ஓரிரவில் வெறுமையாயின. இலட்சக்கணக்கானோர் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். ஒரு பையில் அடங்கியதே உடைமை. பலரிடம் நிலத்தின் உறுதிப் பத்திரமும் இல்லை.

சனாதனன், இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் எண்பதின்மரைக் கண்டு உரையாடினார். தம் பழைய வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு அவர்களிடம் வேண்டினார். அவர்களுள் ஓவியம் கற்றவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஆயினும் வரைந்தனர், வரையும்போது பேசினர். நூலில் ஒவ்வொருவர்க்கும் மூன்று படங்கள் அமைகின்றன. முதலாவது அவர் கைப்பட வரைந்தது. அதையே கட்டடக் கலைஞர் ஒருவர் அளவும் ஒழுங்கும் கொண்ட கோடுகளாக ஒளி ஊடுருவும் தாளில் வரைந்தது இரண்டாவது. உரையாடலைக் கேட்ட மனநிலையில் சனாதனன் உலர்வண்ணத்தால் தீட்டியது மூன்றாவது. இடையே சில வரிகளில் அவர்தம் கூற்று. நூலின் தோற்றம் அரசு அலுவலகக் கோப்பை ஒத்தது.

இம்மூன்றனுள் ஓவியரின் படமே உயர்ந்தது என்று கொள்வது எளிது. கூர்ந்து நோக்குவோர்க்கு முதற்படமே கண்ணை விட்டு அகலாது. நினைவுக்கு அளவுகோல் கிடையாது. கையால் வரையும் தரைப்படத்தில் மனம் நாடும் இடம் பெரிதாகும். நாடாத இடம் சுருங்கும். கோடு நடுங்கும், சுவர்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். அடுத்த தாளில் கட்டடக் கலைஞரின் நேர்கோடுகள் அப்பிழைகளைத் திருத்தும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. இடிந்து மறைந்த வீடு, இனிமேல் கட்டப்போகும் வீட்டின் வரைபடம்போலத் தோன்றத் தொடங்குகிறது. கட்டடக் கலைஞர் தரைப்படம் வரைவது பொதுவாக வருங்கால வீட்டுக்குத்தானே! அத்தாளின் ஊடாக மங்கலாகத் தெரியும் கைக்கோடு, அவ்வீடு கடந்தகாலத்தது என்பதை மறக்கவிடுவதில்லை. துயரத்தைத் துயரம் என்று பெயர்சொல்லிக் காட்டாமலே இரண்டு தாள்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டிவிடுகிறார் சனாதனன்.

கோப்பின் வடிவத்தை அவர் எடுத்துக்கொண்டதிலும் ஒரு வாதம் உண்டு. பழைய தோம்பை எழுதியவர் ஆட்சியாளர். குடிகள் அதில் எழுதப்பட்டவர்கள். இப்புதிய தோம்பில் இழந்தவரே எழுத்தர். பத்திரம் கேட்கும் அலுவலகத்தின் மொழியிலேயே, பத்திரம் இல்லாதவரின் சாட்சியத்தை அவர் பதிவுசெய்கிறார். இக்கோப்பை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்று ஒருவர் கூறலாம். உண்மைதான். நீதிமன்றம் கேட்பது எல்லையின் அளவை. கிணற்றடிக்குச் செல்லும் வழியில் எந்த மரத்தின் நிழல் விழும் என்பதை வேறெந்தப் பதிவேடும் கேட்பதில்லை.

வேறூர்களில்

தரைப்படம் வரையச் சொல்லும் இம்முறை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. திருப்பூரைச் சூழ்ந்த பின்னலாடைப் பகுதிகளில் வாழ்வோரில் பெருந்தொகையினர் வேறூரில் வீடு உடையவர்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்தோரும் ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்தோரும் ஒரே காம்பவுண்டு வீட்டின் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கின்றனர். அவர்கள் வறுமையாலோ மழை பொய்த்ததாலோ பிழைப்புத் தேடி வந்தவர்கள். போரால் விரட்டப்பட்டவர்கள் அல்லர். இரண்டையும் ஒன்றாக்குதல் பிழை. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊர் திரும்பலாம் என்னும் நம்பிக்கை அவர்களுக்கு உண்டு. ஆனால், தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழ்வோர்க்கு அந்நம்பிக்கையும் மெலிந்தது. திருப்பூர் மாவட்டத்திலும் அத்தகைய குடியிருப்பு உண்டு. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், தாம் ஒருமுறையும் மிதிக்காத முற்றத்தைப் பாட்டியின் சொல்வழியே அறிவர்.

கொரியாவில் பிறந்து அயல்நாடுகளில் வாழும் டோ ஹோ சூ என்னும் கலைஞர் இதே ஏக்கத்தைத் துணியால் தைத்தார். சியோலில் தாம் வளர்ந்த வீட்டை அளவெடுத்து, ஒளி ஊடுருவும் பட்டுத் துணியில் முழு அளவில் தைத்து 1999இல் காட்சிப்படுத்தினார். அதற்கெனக் கொரிய மரபுத் தையற்கலைஞர்களிடம் தையல் கற்றார். மடித்துப் பெட்டியில் வைத்து எந்த நாட்டுக்கும் எடுத்துச் செல்லக்கூடிய வீடு அது. ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்து நாள்தோறும் பிறர்க்குச் சட்டை தைப்பவர்க்கு, வீட்டையும் தைக்கலாம் என்னும் செய்தி வியப்பைத் தரக்கூடும். சூவின் வீடு இன்னும் இருந்தது. சென்று அளவெடுக்க முடிந்தது. சனாதனன் சந்தித்தோர்க்கு அளவுநாடாவாக அமைந்தது நினைவு ஒன்றே.

2010இல் கனடாவின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகத்தில், புலம்பெயர்ந்த தமிழர் தந்த பொருள்களைக்கொண்டு 'வீடு' என்னும் கருத்தைப் பற்றிய படைப்பொன்றைச் சனாதனன் அமைத்தார். அருங்காட்சியகங்கள் தொலைதூர மக்களின் பண்டங்களைக் கண்ணாடிப் பேழையில் அடுக்கி, அவர்களைப் பற்றித் தாமே குறிப்பெழுதும் பழக்கம் உடையவை. இங்கே பொருளைத் தந்தவர் அதே நகரத்தில் வாழ்பவர். எதைத் தருவது என்று முடிவுசெய்தவரும் அவரே.

2016இல் கொச்சி முசிறி இருநிலைக் கலைவிழாவில் அவர் வைத்தது நூலகங்களில் முன்னர் இருந்த அட்டைப் பேழையைப் போன்ற ஒரு மரப்பேழை. கணினி வருவதற்கு முன், நூலின் பெயரும் எண்ணும் எழுதிய அட்டைகளை இழுப்பறைகளில் அகரவரிசைப்படி அடுக்கிவைத்திருப்பர். நூல் வேண்டுவோர் இழுப்பறையைத் திறந்து, அட்டைகளைப் புரட்டித் தேடுவர். சனாதனனின் பேழையில் நூல்களின் விவரம் இல்லை. தடைகளுக்கு இடையே மக்கள் கையில் கிடைத்ததைக்கொண்டு எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் கதைகள் அட்டைகளில் இருந்தன. அப்பேழைக்கு அவர் இட்ட பெயர் 'எதிர்ப்பின் பேழை' என்று பொருள்படும். ஆயுதம் ஏந்தியவர்களின் எதிர்ப்பை அச்சொல் குறிக்கவில்லை. விளக்கேற்றியதும், பிள்ளையைப் படிக்கவைத்ததும், சோறாக்கியதும் இங்கே எதிர்ப்பு எனப் பெயர் பெறுகின்றன. 1981இல் எரிந்த நூலகத்தின் ஊரிலிருந்து வந்த அப்பேழையின் முன் நிற்பவர், ஓர் இழுப்பறையைத் தாமே இழுத்துத் திறந்து, அட்டையை எடுத்து, நின்றபடி படிக்க வேண்டும்.